வசந்தகாலக் காற்றும் புல்தீயும்: நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் வாசிகளுக்கான கேள்வி பதில்

பிப்ரவரி கடைசியில் டெக்சாஸின் வடமுனையான பான்ஹேண்டிலில் தொடங்கும் தீப் பருவம், நியூ மெக்சிகோ மலைகளில் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ பருவமழை எட்டிப் பார்க்கும்வரை நீள்கிறது. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: ஜனவரியிலும் குளிர்காற்று அடிக்கிறது, ஜூலையில் வெயில் கொளுத்துகிறது. ஆனால் கூரையைப் பிய்க்கும் காற்று மார்ச், ஏப்ரலில்தான். ஏன்?

தரையில் அடிக்கும் அந்தக் காற்று தரையில் பிறந்தது அல்ல, மேலிருந்து இறங்கி வருவது. ஜனவரியில் ஜெட் ஸ்ட்ரீம் (வெகு உயரத்தில் ஓடும் அதிவேகக் காற்றோட்டம்) தலைக்கு மேலேயே ஓடும். ஆனால் தரை குளிர்ந்து கிடப்பதால் கீழ்க்காற்றும் மேல்காற்றும் கலப்பதில்லை. ஜூலையில் கலப்பு நாலைந்து கிலோமீட்டர் வரை போகும், ஆனால் இறக்கிக் கொண்டுவர மேலே காற்று இருக்காது. மார்ச், ஏப்ரலில் ஜெட் இன்னும் வடக்கே போயிருக்காது, வெயிலும் ஏறிவிட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக வாய்ப்பது அப்போதுதான்.

ராக்கி மலைகளும் கை கொடுக்கின்றன. மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது தென்கிழக்குக் கொலராடோ பக்கம் அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள காற்றை இழுக்கிறது. இறங்கும் காற்று சூடாகும், உலரும். அதனால்தான் இங்கே பலத்த காற்றும் வறட்சியும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் வருகின்றன.

கேள்வி: காலை பலூன் சவுண்டிங்கை வைத்து மதியக் காற்றைக் கணிக்கலாம் என்கிறார்கள். எண்களோடு ஒரு உதாரணம் சொல்ல முடியுமா, சார்?

சவுண்டிங் என்பது பலூன் ஏறும்போது உயரத்துக்கு உயரம் அளக்கும் வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றின் பதிவு. டெக்சாஸின் அமரில்லோவையே எடுத்துக்கொள்வோம். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். காலை 12 யுடிசி (உலகப் பொது நேரம், அமரில்லோவில் காலை 6 அல்லது 7 மணி) சவுண்டிங்கில் 3,000 மீட்டரில், அதாவது ஏறத்தாழ 700 மில்லிபார் அழுத்த மட்டத்தில், வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ், காற்று 45 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 9.8 டிகிரி சூடாகும். 3,000 மீட்டரிலிருந்து தரைக்கு 1.9 கிலோமீட்டர். 1.9 × 9.8 = 18.6. அதோடு 4 டிகிரியைக் கூட்டினால் 22.6, அதாவது 73 ஃபாரன்ஹீட். மதியம் தரையில் 73 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த 45 நாட் காற்றுக்குக் கீழே இறங்க வழி திறந்துவிடும். 45 நாட் என்றால் மணிக்கு 52 மைல். அன்றைய மிகப் பெரிய வீச்சுக்கு, அதாவது திடீரென எழும் காற்றுக்கு, அதை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து 3,000 மீட்டர் வரையுள்ள காற்றின் சராசரி 32 நாட் என்றால், அடிக்கடி வரும் வீச்சு 37 மைலை ஒட்டி இருக்கும்.

இதில் தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, காலையில் மேலே இருந்த காற்றே மதியமும் இருக்கும் என்று நினைப்பது. ட்ரஃப் (மேல்வளியில் நகரும் தாழ்வழுத்தப் பள்ளம்) நெருங்கும் நாளில் 700 மில்லிபார் காற்று ஆறு மணி நேரத்தில் 15 நாட் கூடிவிடலாம். எனவே வெப்பநிலை அமைப்பைக் காலை பலூனில் சரிபாருங்கள், காற்றை மட்டும் 21 யுடிசிக்கு (மாலை 3 அல்லது 4 மணி) கணினி வானிலை மாடல் தரும் சவுண்டிங்கில் எடுங்கள்.

இரண்டாவது, மெல்லிய உயர்மேகம். வெயிலைக் கொஞ்சம் மறைத்து அதிகபட்ச வெப்பத்தை மூன்று டிகிரி செல்சியஸ் குறைத்தாலே கலப்பு 3,000 மீட்டருக்குக் கீழேயே நின்றுவிடும், நீங்கள் கணித்த 45 நாட் மேலேயே ஓடிப்போகும். காற்றுக் கணிப்பு பொய்த்த நாட்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மேகத்தைத்தான். பகல் 11 மணிக்கு செயற்கைக்கோள் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேகத்தின் பின்விளிம்பு ஒரு மணிக்குள் விலகுமானால் கணிப்பைக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: போனில் ஈரப்பதம் 18 சதவீதம் என்று காட்டியது. மாலையில் பார்த்தால் 7. இவ்வளவு வித்தியாசமா?

வெப்பநிலையை ஆப் சரியாகத்தான் சொல்லியிருக்கும். கோட்டை விட்டது பனிநிலையில் (டியூ பாயின்ட், காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை). 80 ஃபாரன்ஹீட் வெப்பத்தில் பனிநிலை 33 இருந்தால் ஈரப்பதம் 18 சதவீதம். அதே வெப்பத்தில் பனிநிலை 11-க்கு இறங்கினால் 7 சதவீதம். காலையில் தரையோடு ஒட்டியிருந்த கொஞ்ச ஈரம், கலப்பு உயர உயர மேலே உள்ள வறண்ட காற்றில் கரைந்துவிடுகிறது. மாடல் கலப்பு உயரத்தைக் குறைத்துப் போட்டால் அந்த ஈரம் கணக்கில் மட்டும் தங்கிவிடும். பல மாடல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் கணிப்புகள் இயல்பிலேயே உச்சத்தை மழுக்குபவை. தீ ஆபத்தோ உச்சத்தில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: கலப்பு எட்டப்போகும் உயரம் வரை சவுண்டிங்கில் உள்ள நீராவி விகிதத்தைச் சராசரி எடுத்து, அதற்குரிய பனிநிலையை மதியத்துக்கு வையுங்கள். அதற்கு நேரமில்லையென்றால், காற்று வரும் திசையில் உள்ள நிலையங்களில் நேற்று மாலை 3 முதல் 5 மணி வரை பதிவான பனிநிலையை எடுங்கள். ஆப் காட்டும் எண்ணைவிட அது பெரும்பாலும் நெருக்கமாக வரும்.

லபக், மிட்லாண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு டிரைலைன் (ஈரக் காற்றையும் வறண்ட காற்றையும் பிரிக்கும் கோடு) தனித் தலைவலி. கோட்டுக்குக் கிழக்கே 50 சதவீதம், மேற்கே 8 என்று இருக்கும். மாடல் அதை 50 மைல் தள்ளிப் போட்டால் உங்கள் கணிப்பு மொத்தமும் போயிற்று.

கேள்வி: காற்று பேயாக அடித்தது, ஆனால் ரெட் ஃப்ளாக் எச்சரிக்கை வரவில்லை. வானிலை அலுவலகம் தூங்கிவிட்டதா?

இல்லை. ரெட் ஃப்ளாக் என்பது தீ ஆபத்துக்கான எச்சரிக்கை. அதற்குக் காற்று, வறட்சி, எரியத் தயாரான புல் மூன்றும் சேர வேண்டும். அளவுகோல் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். இந்தப் பகுதியில் பொதுவாக ஈரப்பதம் 15 சதவீதமோ குறைவோ, 20 அடி உயரத்தில் நிலையான காற்று 20 மைலோ மேலோ இருந்து, அது சில மணி நேரம் நீடிக்க வேண்டும். ஈரப்பதம் 25 சதவீதத்தில் நின்றுவிட்டால் 60 மைல் வீச்சு வந்தாலும் பலத்த காற்று எச்சரிக்கை மட்டும்தான் வரும். புல் பச்சை கட்டிவிட்டாலும் அப்படியே.

கேள்வி: காற்று வேகம் மலைப் பக்கத்து தானியங்கி நிலையத்தில் மணிக்கு 22 மைல், விமான நிலையத்தில் 30 மைல். கையில் பிடித்து அளக்கும் என் கைமீட்டரில் 10. எதை நம்ப?

மூன்றுமே சரியாக இருக்கலாம். காட்டுத்தீக்கென்று வைத்த ராஸ் நிலையம் 20 அடி உயரத்தில் பத்து நிமிடச் சராசரி எடுக்கிறது. விமான நிலையக் கருவி 33 அடியில், இரண்டு நிமிடச் சராசரி. உயரமும் கூடுதல், சராசரி நேரமும் குறைவு, அதனால் எண் பெரிதாகத் தெரியும். ராஸ் பெரும்பாலும் மணிக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்பும், அந்த நிமிடம் நிலையத்துக்கு நிலையம் வேறு. எனவே நீங்கள் பார்ப்பது 50 நிமிடம் பழையதாக இருக்கலாம்.

கைமீட்டர் விஷயம்தான் ஆபத்தானது. திறந்த புல்வெளியில் கண் மட்டத்துக் காற்று, 20 அடிக் காற்றில் சுமார் 0.4 மடங்கு. மரங்கள் பாதி மறைத்தால் 0.3. அடர்ந்த காட்டுக்குள் 0.1. உங்கள் கையில் 10 என்றால் 20 அடியில் 25. "பத்து மைல்தானே" என்று தீ மூட்டியவர்கள் தவறுவது இந்தக் கணக்கில்தான்.

கேள்வி: முந்தாநாள் மழை பெய்தது. ரெண்டு நாளைக்குப் பயமில்லை அல்லவா?

புல்லுக்கு முந்தாநாள் என்ற ஒன்றே கிடையாது. கால் அங்குலத்துக்குக் குறைந்த தடிமன் உள்ளவை ஒரு மணி நேர வகை. காற்று வறண்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவையும் வறண்டுவிடும். கால் முதல் ஒரு அங்குலம் வரை பத்து மணி நேர வகை, ஒன்று முதல் மூன்று வரை நூறு, மூன்று முதல் எட்டு வரை ஆயிரம். மழையை நினைவில் வைத்திருப்பது தடித்த கட்டைகள் மட்டுமே. மழை தரும் உண்மையான நிம்மதி புல் பச்சையாகத் துளிர்ப்பது. அதற்கு வாரக்கணக்காகும், மண்ணில் சூடும் வேண்டும்.

பெரிய புல்தீ வருடங்களுக்கு இன்னொரு முன்குறி உண்டு. முந்தைய கோடையில் நல்ல மழை, அடுத்த குளிர்காலம் லா நினாவால் (பசிபிக் கடலின் வெப்ப மண்டலப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்வது) வறட்சி. ஆளுயரப் புல் வளர்ந்து அப்படியே காய்ந்து நிற்கும்.

கேள்வி: ஹெயின்ஸ், இஆர்சி, எச்டிடபிள்யூ... எந்தத் தீ வானிலைக் குறியீட்டைப் பார்ப்பது?

காற்று நாளுக்கு ஹெயின்ஸ் வேண்டாம். அதில் காற்றே கிடையாது. புகைத்தூண் எழும்பும் தீக்காக, வளிமண்டல நிலைத்தன்மையையும் வறட்சியையும் பார்ப்பது அது. இஆர்சியிலும் (எனர்ஜி ரிலீஸ் காம்போனென்ட்) காற்று இல்லை. தடித்த கட்டைகளின் வறட்சியைச் சொல்வதால் மலைக்காட்டுக்கு நன்று, புல்வெளிக்கு மெத்தனம் தரும். 2018-இல் வந்த எச்டிடபிள்யூ (ஹாட்-ட்ரை-விண்டி), தரையை ஒட்டிய 500 மீட்டருக்குள் உள்ள அதிகபட்சக் காற்றையும் அதிகபட்ச நீராவிப் பற்றாக்குறையையும் (காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பது) பெருக்குகிறது. 27 டிகிரி செல்சியஸில் 10 சதவீத ஈரப்பதம் என்றால் பற்றாக்குறை 32 மில்லிபார். 10 டிகிரியில் அதே 10 சதவீதம் என்றால் 11 மட்டும். சதவீதம் ஒன்றுதான், உறிஞ்சும் பசி மூன்று மடங்கு. எச்டிடபிள்யூ எண்ணைத் தனியாகப் பார்க்காமல் அந்த இடத்தில் அந்தத் தேதிக்கு வழக்கமாக வருவதோடு ஒப்பிடுங்கள். ஏனெனில் எண் சிறிதாக இருக்கும் பிப்ரவரியின் குளிரான வறண்ட காற்று நாளிலும் காய்ந்த புல் ஓடி எரியும்.

கேள்வி: கோல்ட் ஃப்ரன்ட் (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) கடந்தால் வெப்பம் இறங்குகிறது. தீயணைப்பவர்கள் அதைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள்?

ஈரப்பதம் ஏறுவதற்கு முன்னால் காற்றின் திசை திரும்பிவிடும், அதுதான் காரணம். தென்மேற்குக் காற்றில் ஓடும் புல்தீ நீளமாக, ஒல்லியாக இருக்கும். 20 மைல் நீளம், 2 மைல் அகலம் என்று வையுங்கள். காற்று வடக்குக்குத் திரும்பிய நிமிடத்தில் அந்த 20 மைல் பக்கவாட்டும் தீயின் முகமாகிவிடும். காய்ந்த புல்லில் தீ, திறந்தவெளிக் காற்றின் வேகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் என்பது கட்டைவிரல் கணக்கு. 30 மைல் காற்றுக்கு மணிக்கு 6 மைல். ஆள் வெகுநேரம் ஓடித் தப்ப முடியாது. 2024 பிப்ரவரி 26-இல் டெக்சாஸின் ஸ்டினெட் அருகே தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, மேற்குக் காற்றில் கிழக்கே ஓடியது. மறுநாள் ஃப்ரன்ட் வந்து காற்று வடக்குக்கு மாற, நீண்ட தெற்குப் பக்கம் முழுவதும் கிளம்பியது. மொத்தம் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். அந்த மாநில வரலாற்றிலேயே பெரியது அதுதான்.

நேரத்தைக் குறிக்க மாடலைவிட வடக்கே உள்ள நிலையங்கள் மேல். டால்ஹார்ட்டில் 3 மணிக்குத் காற்றின் திசை 240 பாகையிலிருந்து 350-க்கு, அதாவது தென்மேற்கிலிருந்து வடக்குக்குத் தாவி, அழுத்தமும் ஏறத் தொடங்கிவிட்டது என்றால், ஃப்ரன்ட் 35 மைல் வேகத்தில் வந்தால் சுமார் 70 மைல் தள்ளியிருக்கும் அமரில்லோவுக்கு இரண்டு மணி நேரம். ராடாரில் மெல்லிய கோடாகவும் தெரியும். ஆட்களை நகர்த்துவதாக இருந்தால் கணித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே நகர்த்திவிடுங்கள்.

பசிபிக் பக்கமிருந்து வரும் ஃப்ரன்ட் வேறு ரகம். வெப்பம் பெரிதாக இறங்காது, திசை தென்மேற்கிலிருந்து மேற்குக்குச் சற்றே திரும்பும், ஆனால் பனிநிலை சரேலென்று விழும்.

கேள்வி: பொழுது சாய்ந்தால் காற்று நின்றுவிடும் என்று நம்பலாமா?

சமவெளியில் பெரும்பாலான நாட்களில் நம்பலாம். தரை குளிர்ந்ததும் மேல்காற்றோடு தொடர்பு அறுந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவுகளில், சாங்ரே தே கிறிஸ்தோவின் அடிவாரத்திலும் குவாடலூப்பே கணவாயிலும், நம்ப வேண்டாம். அங்கே மலையலை (மலையைத் தாண்டும் காற்று அலையாகக் கீழே பாய்வது) இரவில்தான் வலுப்பெறும்.

கேள்வி: வெட்டிப்போட்ட மரக்கிளைக் குவியலை எரிக்க வேண்டும். காற்றில்லாத நாள் எது என்று பார்த்தால் போதுமா அண்ணா?

போதாது. முதலில் உங்கள் கவுண்டியில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எரிக்கும் நாளைவிட அதற்கு அடுத்த வாரத்தைப் பாருங்கள். புயல் கணிப்பு மையம் எட்டு நாள் வரை தீ வானிலை வரைபடம் தருகிறது. அதில் உங்கள் பகுதியில் நிறம் விழுந்திருந்தால் ஒத்திப்போடுங்கள். மேற்கே ட்ரஃப் வருகிறது என்பது ஐந்தாறு நாள் முன்பே தெரியும், காற்றின் எண் இரண்டு நாள் முன்புதான் தெளியும்.

குவியலில் மண்ணும் தடித்த அடிக்கட்டையும் கலந்திருந்தால் உள்ளே கங்கு வாரக்கணக்கில் உறங்கும். நியூ மெக்சிகோவில் 2022 ஜனவரியில் எரித்த குவியல் பனிக்கு அடியிலும் புகைந்துகொண்டிருந்து, ஏப்ரல் காற்றில் கால்ஃப் கன்யன் தீயாகக் கிளம்பியது. ஹெர்மிட்ஸ் பீக் தீயோடு சேர்ந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. எனவே தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடு தெரிந்தாலும் அணையவில்லை என்று பொருள். காற்று நாள் எச்சரிக்கை வந்ததும் பழைய குவியல்களை மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

கேள்வி: ரெட் ஃப்ளாக் நாளில் புல் வெட்டலாமா, டிரெய்லர் இழுக்கலாமா?

வெட்டுவதை முந்தைய நாட்களிலேயே முடித்துவிடுங்கள். கத்தி ஒரு கல்லில் பட்டால் போதும். டிரெய்லரை இழுத்தே ஆகவேண்டுமென்றால் பாதுகாப்புச் சங்கிலி சாலையில் உரசாதபடி முறுக்கிச் சுருக்கிவிட்டு, டயர் காற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள், கீழே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும்.