எது சட்டம்? குமரி மாவட்டத்துக் கேள்விகளும் என் பதில்களும்

நாகர்கோவிலில் வக்கீல் தொழில் செய்கிறேன். சட்டத் தத்துவம் எனக்கு நெடுநாள் ஈடுபாடு. அதைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

குழித்துறை, சட்ட மாணவர்: சார், ஆள்பவர் இடும் கட்டளைதான் சட்டம் என்கிறார் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின். அது சரிதானா?

தம்பி, 1930-களில் விளவங்கோட்டில் பிறந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறாமலே அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடியாக இருந்து, 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த திருக்கொச்சி மாநிலத்துக்கும், 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கும் உரியவரானார். அதற்காக அவர் வீட்டுப் பாகப்பத்திரம் ஒரே இரவில் செல்லாமல் போய்விட்டதா? இல்லை. ஒரு பகுதியில் நடப்பில் இருந்த சட்டங்கள், மாற்றப்படும் வரை அங்கே தொடரும் என்று மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு சொன்னது.

மக்கள் வழக்கமாகக் கீழ்ப்படியும் ஒருவர், மீறினால் தண்டனை என்று சொல்லி இடும் கட்டளையே சட்டம் என்று 1832-ல் எழுதினார் ஆஸ்டின். புதிய ஆட்சிக்குக் கீழ்ப்படியும் வழக்கம் முதல் நாள் காலையிலேயே யாருக்கு வந்திருக்கும்? ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1961-ல் பிடித்தது இந்த ஓட்டையைத்தான். எது சட்டம் என்று இனங்காட்டும் அடிப்படை விதி ஒன்றை நீதிமன்றங்களும் அதிகாரிகளும் ஏற்று நடக்கிறார்கள், அதனால்தான் ஆள் மாறினாலும் சட்டம் நிற்கிறது என்றார். தேர்வில் ஆஸ்டினை எழுதுங்கள். இந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.

தக்கலை, ஆசிரியை: நாடார் பெண்கள் தோள்சீலை (மார்பை மறைக்கும் மேலாடை) அணியக் கூடாது என்ற 1829-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அரச ஆணையையும் சட்டம் என்றா சொல்வீர்கள்?

சொல்வேன், டீச்சர். சொல்லும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்பது கிறிஸ்தவ ஞானி புனித அகஸ்டின் காலத்திலிருந்து வரும் வாதம். நாஜி ஆட்சியைக் கண்ட ஜெர்மானியச் சட்ட அறிஞர் குஸ்தாவ் ராட்புருக், அநீதி தாங்க முடியாத அளவுக்குப் போனால் நீதிபதி அதைச் சட்டமாகக் கொள்ளக் கூடாது என்று 1946-ல் எழுதினார். 1958-ல் ஹார்ட்டும் அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லரும் மோதிக்கொண்டது இதில்தான். 'இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படியத் தகாத அளவுக்குக் கொடியது' என்று சொல்வதே நேர்மை என்றார் ஹார்ட்.

நான் ஹார்ட் பக்கம். அந்த ஆணை சட்டமே அல்ல என்றால், அதன் பெயரில் நடந்த கொடுமைகள் ஏதோ சில முரடர்கள் செய்த அடாவடியாகச் சுருங்கிவிடும். அரசு தன் முத்திரையோடு செய்தது அது. 1859 ஜூலை 26 அன்று தடை விலகியபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற கண்டிப்பு கூடவே வந்தது. அதுவும் சட்டமாகத்தான் வந்தது.

மார்த்தாண்டம், இல்லத்தரசி: தாத்தா 1960-களில் உயில் எழுதாமல் இறந்தார். ஸ்ரீதனம் வாங்கியாச்சு, பங்கு இல்லை என்று அம்மையிடம் மாமன்மார் சொன்னார்கள். மேரி ராய் தீர்ப்பில் நீதிபதிகள் புதுச் சட்டம் செய்தார்களா?

அம்மா, உங்கள் கேள்வி சட்டத் தத்துவத்தின் நடுமையத்தையே தொடுகிறது. மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண், தந்தையின் சொத்தில் சம பங்கு கேட்டுத் தொடுத்த வழக்கு அது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1951-ல் நாடாளுமன்றம், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தரும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைத் திருக்கொச்சிக்கும் நீட்டியது. அதோடு பழைய சட்டம் ஒழிந்ததா, இல்லையா? சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி ஒழிந்தது என்றார். பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு, இல்லை, நடப்பில்தான் இருக்கிறது என்றது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 அன்றே ஒழிந்துவிட்டது என்று முடித்தது.

அப்படியானால், உங்கள் அம்மையிடம் பங்கு இல்லை என்று சொன்ன நாளிலேயே, விலக்குக்குள் வராத குடும்பமாக இருந்தாலும், சட்டப்படி அவருக்குச் சம பங்கு இருந்தது. விதி தெளிவாக இல்லாத இடத்தில் நீதிபதி தேர்ந்தெடுக்கிறார், ஓரளவு சட்டம் செய்கிறார் என்பார் ஹார்ட். இல்லை, சட்டத்தின் அடியில் இருக்கும் கொள்கைகளைத் தேடினால் சரியான விடை ஏற்கெனவே அங்கே இருக்கும் என்பார் அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்டு டுவொர்கின். அரசியலமைப்பின் சமத்துவ உரிமையும் அந்த வழக்கில் எழுப்பப்பட்டது. நீதிமன்றம் அதற்குள் போகாமல், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை வைத்தே தீர்த்தது. சமத்துவத்தின் பெயராலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. உங்கள் அம்மையின் பங்கை இப்போது கேட்க முடியுமா என்பதைப் பத்திரங்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். காலவரம்பும் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பூதப்பாண்டி, விவசாயி: மக்களின் வழக்கம்தானே சட்டம்?

1814-ல் ஜெர்மானியச் சட்ட அறிஞர் சாவின்யி ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். நம் நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து சகோதரி மகனான மருமகனுக்குப் போக, மனைவியும் பிள்ளைகளும் கையறு நிலையில் நின்றார்கள். கவிமணி அதைப் பாட்டாகவே பாடி வைத்தார். 1926-ல் சட்டம் வந்து அந்த வழக்கத்தை மாற்றியது. அந்தப் பெண்களும் மக்கள்தானே, அண்ணாச்சி?

குளச்சல், கல்லூரி மாணவி: எதை முதலில் படிக்க வேண்டும் சார்?

மேரி ராய் தீர்ப்பைப் படியுங்கள், மகளே. ஒரே மாலையில் படித்துவிடலாம். பிறகு ஹார்ட்–ஃபுல்லர் விவாதம். பூங்காவுக்குள் வாகனம் நுழையக் கூடாது என்ற விதியை வைத்து இருவரும் வாதிடுவார்கள். பூங்காவுக்குப் பதில் குளச்சல் கடற்கரை, வாகனத்துக்குப் பதில் வள்ளம் ஏற்றிய டிராக்டர் என்று வைத்துப் படித்துப் பாருங்கள்.