வாசகர் கேள்வி – பதில்: நெடுந்தூர விமானமும் இரவுத் தூக்கமும்

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. டொரன்டோவில் இருக்கும் என் நாத்தனாரின் பிரசவத்துக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாகப் போகிறார்கள். எகானமியை விடப் பிரீமியம் எகானமி டிக்கெட் விலை மிகவும் கூடுதலாக இருக்கிறது. ‘அவ்வளவு பணம் கொடுத்தால் படுத்துக்கொண்டு போகலாமா?’ என்று அத்தை கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, குழித்துறை

பதில்: படுக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அம்மா. பெயரில் ‘பிரீமியம்’ இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாந்து போகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஓடும் ஆம்னி பஸ்ஸோடு ஒப்பிட்டால், எகானமி சாதாரண புஷ்பேக் இருக்கை, பிரீமியம் எகானமி செமி ஸ்லீப்பர். காலை நீட்டிப் படுக்கும் பெர்த் பிசினஸ் கிளாஸில்தான் உண்டு. அங்கும்கூட முழுத் தட்டையாக விரியும் படுக்கை 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்த பிறகே மெல்ல மெல்லப் பரவியது.

அளவைச் சொன்னால் அத்தைக்கு எளிதாக விளங்கும். நெடுந்தூர விமானங்களின் எகானமியில் ஓர் இருக்கையின் முதுகுக்கும் அதற்கு முன்னால் உள்ள இருக்கையின் முதுகுக்கும் இடையே பொதுவாக 31 அல்லது 32 அங்குலமும், பிரீமியம் எகானமியில் 38 முதல் 40 அங்குலம் வரையும் இடைவெளி இருக்கும். அகலம் எகானமியில் 17 அல்லது 18 அங்குலம், பிரீமியத்தில் ஏறத்தாழ 19 அங்குலம். வீட்டில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, அதன் முதுகிலிருந்து சுவர் வரை தையல் டேப்பால் 31 அங்குலம் அளந்து, அத்தையை அதில் கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். இருக்கையின் கனமும் அந்த 31 அங்குலத்துக்குள்ளேயே அடக்கம் என்பதால் விமானத்தில் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் இதைவிடவும் குறைவு. பிறகு நாற்காலியை 8 அங்குலம் பின்னுக்குத் தள்ளுங்கள். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த 8 அங்குலமே.

ஆனால் தூக்கத்தைத் தீர்மானிப்பது இடத்தை விட முதுகின் சாய்வுதான். 1987இல் வெளியான ஓர் ஆய்வு, செங்குத்திலிருந்து 40 பாகையோ அதற்கு மேலோ சாய்ந்த இருக்கையில் கிடைத்த தூக்கம் கட்டிலில் கிடைப்பதற்கு ஏறக்குறைய இணையாக இருந்தது என்றும், இருக்கை நிமிர நிமிரத் தூக்கம் கெட்டது என்றும் கண்டது. தூக்கம் ஆழமாகும்போது கழுத்துத் தசைகள் தளர்ந்து தலை தொங்குகிறது, உடனே விழிப்பு வந்துவிடுகிறது. எகானமி இருக்கை 40 பாகைக்குப் பக்கத்தில் கூட வராது. பிரீமியம் இருக்கை ஓரளவு நெருங்கும், அவ்வளவே.

இருந்தும் உங்கள் அத்தைக்குப் பிரீமியம் வாங்கலாம் என்று நான் சாய்வதற்குக் காரணம் அவர்களுடைய கால்கள். நம் ஊர் முதிய பெண்களில் பலருக்கு விமான இருக்கையில் அமர்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படியாது. இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்புறத்தை மணிக்கணக்கில் அழுத்த, பாதம் வீங்கி, இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழைவதில்லை. பிரீமியம் எகானமியில் கால் தாங்கியோ பாதம் வைக்கும் கட்டையோ இருப்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. எகானமியில்தான் போக வேண்டும் என்றால், விமானம் மேலேறி பெல்ட் விளக்கு அணைந்ததும், முன் இருக்கைக்கு அடியில் வைத்த கைப்பையைக் காலுக்குக் கீழே இழுத்து மணைபோல வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணத்தை எங்கே செலவழிப்பது என்பது அடுத்த கேள்வி. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அங்கிருந்து டொரன்டோவுக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். முதல் பகுதியில் பிரீமியம் வகுப்பே இல்லாத விமானம் ஓடக்கூடும். ஆகவே இரண்டாம் பகுதிக்கு மட்டும் உயர்ந்த வகுப்பு கிடைக்குமா என்று டிக்கெட் எடுத்துத் தருபவரிடம் கேளுங்கள். கூடுதல் தொகை எகானமிக் கட்டணத்தில் பாதிக்குள் அடங்கினால் வாங்கலாம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால், துபாய் விமான நிலையத்தின் உள்ளேயே இருக்கும் ஓட்டலில் சில மணி நேரத்துக்கு அறை எடுத்து, அத்தை கட்டிலில் நன்றாக நீட்டிப் படுத்து எழுந்து, அதன் பிறகு எகானமியில் ஏறுவதே மேல். தரையில் இருக்கும் கட்டில் வானத்தில் இருக்கும் கட்டிலை விட எவ்வளவோ மலிவு. இதற்குத் தோதாக இரு விமானங்களுக்கும் இடையே போதிய நேரம் இருக்கும்படி டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நம் பகுதியினர் மறந்துவிடுகிறார்கள். வளைகுடா விமானங்கள் பல விடியலுக்கு முன்பே புறப்படுகின்றன. உறவினர்கள் எல்லாரும் கூடி வழியனுப்ப, இரவு பதினொரு மணிக்குக் காரில் ஏறி, களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் தாண்டி விமான நிலையம் சேரும்போதே ஓர் இரவுத் தூக்கம் போய்விடுகிறது. அன்று மதியமே அத்தையைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள். வழியனுப்பு விருந்தில் மரச்சீனியும் பயறும் அளவோடு இருக்கட்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல, அதாவது ஏறத்தாழ உதகையில் இருப்பது போலக் குறைந்திருக்கும். 8,000 அடிக்குரிய அழுத்தத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். இருக்கை எவ்வளவு சாய்ந்தாலும் வயிறு உப்பியிருந்தால் தூக்கம் வராது.

கேள்வி: மேற்படிப்புக்காக நெடும்பாசேரியிலிருந்து ஐரோப்பா செல்கிறேன். எகானமிக்கு மேல் எனக்குக் கட்டுப்படியாகாது. தூங்குவதற்கு எந்த இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?
– ஒரு மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஜன்னலோரம்தான், தம்பி. தலையைச் சாய்க்க ஒரு சுவர் கிடைக்கும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போக உங்களை எழுப்ப வேண்டியதும் இராது. கடைசி வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை நான் தாமதமாகப் போனதால் அந்த வரிசையே வாய்த்தது. இருக்கை இம்மியும் சாயவில்லை, முதுகுக்குப் பின்னால் கழிப்பறைக் கதவு இரவு முழுவதும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கால் நீட்ட இடம் உண்டு என்று ஆசைப்பட்டு முதல் வரிசையையும் எடுக்க வேண்டாம். தொட்டில் மாட்டும் இடம் அதுதான், சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடியும் பெரும்பாலும் மேலே தூக்க வராது.

விமானத்தின் வகையையும் பாருங்கள். போயிங் 777இல் வரிசைக்குப் பத்துப் பேரை அமர்த்தும் நிறுவனங்களில் இருக்கை அகலம் 17 அங்குலம் அளவில் நின்றுவிடும். ஒன்பது பேர் அமரும் ஏர்பஸ் ஏ350இல் அது 18 அங்குலம். தோளோடு தோள் உரசும் இடத்தில் ஓர் அங்குலம் பெரிது. கட்டணம் ஒன்றாக இருந்தால் இரண்டாவதில் ஏறுங்கள்.

போர்வையைப் போர்த்திய பிறகு அதற்கு மேலே பெல்ட்டைப் போடுங்கள். சென்ற பயணத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் பெல்ட்டின் மேல் போர்வையை இழுத்து மூடி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். விமானம் குலுங்கத் தொடங்கியதும் பணிப்பெண் வந்து, பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதற்காக அவரைத் தட்டி எழுப்பினார். விடியும் வரை அவருக்கு மறுபடி தூக்கம் வரவில்லை, அவர் பேச்சுத் துணைக்கு என்னைப் பிடித்துக்கொண்டதால் எனக்கும் வரவில்லை.

கேள்வி: தூக்க மாத்திரையோ, விமானத்தில் இலவசமாகக் கொடுக்கும் மதுவோ உதவுமா?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: இரண்டும் வேண்டாம். மது உறக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், ஆனால் அதை ஆழமாக நீடிக்க விடாது. விமானத்துக்குள் நிலவும் குறைந்த அழுத்தத்தில் மது அருந்திவிட்டுத் தூங்குபவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து இதயத் துடிப்பு ஏறுவதை 2024இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களிடமே கண்டார்கள். மாத்திரையின் கேடு வேறு வகை. அது உங்களை அசையவிடாமல் கிடத்திவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் கட்டி உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. அப்போதும் அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது என்பதால் பயப்பட வேண்டியதில்லை. செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போகிறவருக்கும் இதே கணக்குத்தான். முன்பு ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுக் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை அணியலாம். மற்றவர்கள் விழிப்பு வரும்போதெல்லாம் எழுந்து கழிப்பறை வரை ஒருமுறை நடந்து வந்தால் போதும்.