கார் ஏசி விட்டுவிட்டுக் குளிர்கிறதா? கடலூர் மெக்கானிக்கிடம் சில கேள்விகள்

கத்திரி வெயில் தொடங்கியதும் மஞ்சக்குப்பத்தில் என் பட்டறைக்கு வருகிற பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்கும்போதே, "காஸ் போட்டுடுங்க" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "எப்போது நிற்கிறது?" என்றுதான். இங்கே கேட்டவர்களுக்கும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அண்ணே, சென்னைக்குப் போகும்போது திண்டிவனம் வரை ஏசி அருமையாக இருக்கிறது. அப்புறம் காற்றே குறைந்துபோய் கூலிங்கும் நின்றுவிடுகிறது. டீ குடித்துவிட்டு வந்து போட்டால் மறுபடி ஜில்லென்று வருகிறது. போன மாதம்தான் காஸ் போட்டேன்.

தம்பி, "காற்றே குறைந்துபோய்" என்று சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் காஸ் குறைவு என்றால் பெரும்பாலும் காற்று அதே வேகத்தில் வரும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. உங்களுக்குக் கூலிங் காயிலில், அதாவது உள்ளே வருகிற காற்றைக் குளிர வைக்கிற தகட்டுக் கூட்டில், ஐஸ் கட்டுகிறது. தகடுகளுக்கு நடுவே ஐஸ் அடைத்துக்கொண்டால் ப்ளோயர் எவ்வளவு கத்தினாலும் காற்று உள்ளே வராது. நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் அது உருகிவிடுகிறது. அடுத்த முறை காற்று குறைந்ததும் ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, ப்ளோயரை முழு வேகத்தில் விடுங்கள். சிறிது நேரத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகினால் சந்தேகமே வேண்டாம்.

காயில் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது, காஸை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. அது கெட்டிருக்கலாம். அதற்கு முன்னால் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கும். போன வாரம் ஒரு ஃபில்டரைத் தரையில் தட்டினேன், காய்ந்த வேப்பம்பூவும் நாய் முடியும் ஒரு கைப்பிடி கொட்டியது. அந்த வண்டிக்கு வேறு வைத்தியமே தேவைப்படவில்லை.

முதலியார்பேட்டையிலிருந்து: சார், ஈசிஆரில் போகும்போது நடுங்க வைக்கிறது. இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறது.

மேடம், காஸின் சூட்டை வெளியே விடுவது முன்பக்கத்தில் இருக்கிற கண்டென்சர். ஓடும்போது எதிர்க்காற்று அதை ஆற்றிவிடுகிறது. நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஃபேன் சுற்றவில்லை என்றால் கோளாறு அங்கேதான்: ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற சின்ன சுவிட்ச்), மோட்டார், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேனுக்குள் கையை மட்டும் விடாதீர்கள், எந்த நொடியும் சுற்றலாம். ஃபேன் ஓடாவிட்டால் காஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஃபேன் சரியாக ஓடினால் கண்டென்சரைப் பாருங்கள். நம் கடலோரத்து உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்கிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடற்கரைப் பக்கம் நிறுத்துகிறவர்கள் அவ்வப்போது சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடுவது நல்லது. பிரஷர் பம்பு வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

பாகூர், டாக்ஸி ஓட்டுநர்: காலையில் நன்றாக இருக்கிறது. மதியம் இன்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது அண்ணே. கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். ஏசி போடும்போது முன்பக்கம் 'டக்' என்று கேட்குமே, அதுதான் பெல்ட் சுற்றுகிற புல்லியோடு கம்ப்ரஸரை இணைக்கிற கிளட்ச் ஒட்டுகிற சத்தம். தேயத் தேய கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடும். சூட்டில், கிளட்சை இழுக்கிற மின்காந்தக் காயிலின் இழுவிசையும் குறையும். காலையில் தாண்டுகிற இடைவெளியை மதியம் தாண்ட முடியாது. நிறைய வண்டிகளுக்கு இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அதற்கும் முன்னால், ஏசி ரிலேயை அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

பண்ருட்டியிலிருந்து: மூன்று மாதத்துக்கு ஒருமுறை காஸ் போடுகிறேன். இப்போது கம்ப்ரஸர் சில நொடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கிறது.

காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை சார். குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஓடி ஓடி நிற்பதும் அழுத்தம் குறைந்ததன் அடையாளம்தான். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிற இடத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுக்கை அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வாக்கம் போட்டு, உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்ச வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால், காஸைக் கூலிங் காயிலுக்குள் விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து, அதுவும் விட்டுவிட்டுத்தான் கூலிங் தரும். காஸின் வகையும் எத்தனை கிராம் என்பதும் பெரும்பாலும் பானெட்டின் உட்புற ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஆர்134ஏ என்று போட்டிருந்தால் அதையே எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். "கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன் சார்" என்று யாராவது சொன்னால், அது சலுகை இல்லை. அதிகமானாலும் கூலிங் போகும்.

விருத்தாசலத்திலிருந்து: ஏற்காடு மலை ஏறும்போது மட்டும் சில நொடி கூலிங் குறைகிறது.

ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜினுக்கு இழுவை கிடைக்கட்டும் என்று பல வண்டிகள் தாமாகவே கம்ப்ரஸரை நிறுத்திக்கொள்ளும். சூட்டு முள் ஏறாதவரை பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டுங்கள்.