வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை: தெருத் தாத்தா பதில்கள்

(சாலை வரைபடங்கள் வரைந்தே 31 ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்ற, தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தாத்தா, தெரு, வீடு, பஸ் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகள் புதிதாகக் கட்டிய சமூக வாடகைக் குடியிருப்பில் (அரசு மானியத்தில் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடுவது) வீடு எடுத்திருக்கிறாள். ஜன்னலில் நின்றால் பஸ் நிறுத்தம் தெரிகிறது. ஆனால் அங்கே போக நடைபாதையும் இல்லை, விளக்கும் இல்லை. மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறாள். கட்டியவர்களைக் கேட்டால் நகராட்சி அலுவலகத்துக்குப் போ என்கிறார்கள், அலுவலகத்தில் கட்டியவர்களிடம் போ என்கிறார்கள். யார்தான் போட வேண்டும்?
குவாசுலு-நடால் வாசகி ஒருவர்

அம்மா, அந்தச் சேற்றுத் துண்டை நான் நேரில் பார்த்ததில்லை, தாளில் பலமுறை பார்த்திருக்கிறேன். குடியிருப்பின் வரைபடம் ஒரு தாளில் வரும், பஸ் சாலையின் வரைபடம் இன்னொரு தாளில் வரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தால் நடுவே வெள்ளையாக ஓர் இடம் தெரியும். முதல் தாள் மனையின் வேலியோடு முடிந்திருக்கும். இரண்டாவது தாள் நிறுத்தத்தின் கூரையோடு முடிந்திருக்கும். வெள்ளையில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியாது, அங்கேதான் ஒன்றுமே வரையவில்லையே!

பணமும் அப்படித்தான் வருகிறது. அஞ்சறைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கான மானியம் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து வருகிறது. பெருநகரங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்கு 2011 முதல் நகரக் குடியிருப்பு வளர்ச்சி மானியம் இருக்கிறது. பஸ் தடத்துக்குப் பொதுப் போக்குவரத்து மானியம் தனி. டவுன்ஷிப்களின், அதாவது நிறவெறிக் காலத்தில் வெள்ளையரல்லாதவர்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புகளின், பொது இடங்களைச் சீராக்க 2006இல் தேசியக் கருவூலம் தொடங்கிய மானியம் ஒன்றும் உண்டு. அரசுப் பணத்தைப் பங்கிட ஆண்டுதோறும் நிறைவேறும் வருவாய்ப் பகிர்வுச் சட்டம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிபந்தனை வைக்கிறது. கடுகுக்கு உள்ள கரண்டியை மிளகில் போடக்கூடாது. நடைபாதைக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளிலிருந்து எடுக்கலாம். வம்பே அதுதான்: அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

“யார் போட வேண்டும்?” என்று கேட்டால் பதில் கிடைக்காது. வேலிக்கு வெளியே உள்ள நிலம் நகராட்சியுடைய சாலை எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், “இந்தத் துண்டு எந்தத் திட்ட எண்ணில் இருக்கிறது?” என்று எழுத்தில் கேளுங்கள். எதிலும் இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்கள் ஆயுதம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே வரைவு வரவுசெலவுத் திட்டத்தை மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். ஏப்ரலில் கொடுத்த மனுவை ஒருவர் படிப்பார், ஆகஸ்டில் கொடுத்ததைக் கோப்பு மட்டும்தான் படிக்கும். பதிலே வராவிட்டால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்படி விண்ணப்பியுங்கள், 30 நாள் கெடு அவர்களுக்கு.

மனுவில் “மிகவும் சிரமப்படுகிறோம்” என்று எழுதாதீர்கள். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். மகளை ஒரு நாள் காலை 5 மணி முதல் 7 மணி வரை வாசலில் உட்காரச் சொல்லுங்கள். எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தூரம் எத்தனை அடி என்று எண்ணி எழுதட்டும். எண்ணைக் கண்டால் பொறியாளர் நிமிர்ந்து உட்காருவார். எனக்குத் தெரியும், அவர்கள் பக்கத்து மேசையில்தானே இருந்தேன்.

கலிஃபோர்னியாவில் வேலை செய்யும் என் அண்ணன் மகன், அங்கே மலிவு வீட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள தெருவுக்கும் ஒரே நிதியிலிருந்து பணம் கொடுக்கிறார்கள் என்கிறான். உண்மையா, பெருமைக்குச் சொல்கிறானா?
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

உண்மைதான். 2014இல் தொடங்கிய திட்டம் அது. புகையைக் கக்கும் தொழிற்சாலைகளும் எரிபொருள் நிறுவனங்களும் கரியமில அனுமதிச் சீட்டுகளை, அதாவது இவ்வளவு புகை விடலாம் என்ற அனுமதியை, ஏலத்தில் வாங்குகின்றன. அந்த ஏலப் பணத்தில் 20 சதவீதத்தை இதற்கென்று சட்டத்திலேயே எழுதி வைத்துத் தொடங்கினார்கள். ரயில் அல்லது பஸ் நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள், குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்ட வேண்டும். அதே விண்ணப்பத்தில் நடைபாதை, சைக்கிள் தடம், தெருக் கடக்கும் இடம், பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கலாம். குடிவருகிறவர்களுக்குப் பயணச் சீட்டு வாங்கித் தரவும் அதில் இடம் உண்டு. வாடகையை 55 ஆண்டுகளுக்குக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் அளவிலேயே வைத்திருக்க வேண்டும்.

பணம் நம்மிடமும் இருக்கிறது, ஆகவே அதைப் பார்த்து நான் வாய் பிளக்கவில்லை. வீடு கட்டுகிறவரும் தெருவுக்குப் பொறுப்பானவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டியில் இறங்க வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான் பொறாமைப்படுகிறேன். இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வந்துவிட்டால் நடுவில் வெள்ளை விட இடமேது? விண்ணப்பம் தலையணை அளவுக்குத் தடிமன் என்று அங்கேயும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

தாத்தா, தெருவை அழகாக்கினால் வாடகை ஏறி, இருப்பவர்களே வெளியேற வேண்டி வராதா?
லெனாசியா இளைஞர்

வரும், தம்பி. உன் சந்தேகம் நியாயமானது. ஜோஹன்னஸ்பர்க்கில் 2009இல் ரியா வாயா என்ற, தனித் தடத்தில் போகும் பஸ்கள் ஓடத் தொடங்கின. 2013இல் அந்தத் தடங்களை ஒட்டி வீடுகளை அடர்த்தியாகக் கட்டும் திட்டத்தை நகரம் அறிவித்தது. தடம் வருகிறது என்றதும் நிலத்தின் விலைக்குக் காது முளைத்துவிடும். அதனால்தான் வீட்டை முதலில் கட்டிப் பூட்டு என்பேன். 2008ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வரும் வீடுகள் மாதம் 1,850 முதல் 22,000 ராண்ட் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வாடகைக்கு மட்டுமே. தெரு எவ்வளவு பளபளத்தாலும் அவற்றை எடுத்துச் சந்தையில் விற்க முடியாது. பக்கத்தில் உள்ள தனியார் வீடுகளுக்கு அந்தக் காவல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. டர்பனின் வார்விக் சந்திப்பில் நாளுக்கு 4,60,000 பேர் கடக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே 1990களின் நடுவில் தெருவைச் சீர்செய்தபோது வியாபாரிகளை விரட்டவில்லை, கூட உட்காரவைத்துப் பேசினார்கள். பாதியில் கைவிட்டிருந்த மேம்பாலத் துண்டின் மேல் மூலிகைக்காரர்களுக்குச் சந்தை அமைத்தார்கள். அதே இடத்தில் 2009இல் அதிகாலைச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்டத் திட்டம் வந்தது. கீரை விற்பவர்கள் எழுந்து நின்றார்கள். வளாகம் வரவில்லை. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் நாங்கள் இருந்த காலத்தில் என் அம்மா அந்தச் சந்தைக்கு நடந்தே போய் முருங்கைக்கீரை வாங்கி வருவார். 1960களில் நிறவெறி ஆட்சி எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்ட பிறகு, அதே கீரைக்கு இரண்டு பஸ் டிக்கெட் ஆனது. வீட்டையும் தெருவையும் பிரித்தால் என்ன செலவாகும் என்பதை அம்மா அன்றைக்கே முந்தானை முடிச்சில் கணக்குப் பார்த்துவிட்டார்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் பஸ்ஸில் போவீர்களா, காரிலா?
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

காரில். சென்ற ஆண்டு பஸ் பிடிக்கத்தான் நடந்தேன். வடிகாலின் இரும்பு மூடியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். முழங்கால் தேறிவிட்டது. இடது காலணி இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.