வெயில் இருந்தும் காற்றில் புதுத் துகள் பிறக்கவில்லையா?

பெரும்பாலும் கந்தக அமிலம் குறைந்ததால் அல்ல, பழைய துகள்கள் நிறைந்திருப்பதால்தான். நல்ல வெயில், கந்தக டைஆக்சைடும் அதிகம், ஆனாலும் 3 நானோமீட்டர் அளவில் ஒன்றுமே தென்படவில்லை என்கிறீர்கள். வெயிலில் கந்தக டைஆக்சைடிலிருந்து உருவாகும் கந்தக அமில ஆவி, அமோனியாவோடோ அதன் உறவான அமீனோடோ மூலக்கூறுக் கொத்தாகச் சேர்ந்து புதுத் துகளாவதற்குள் தூசியிலும் புகைக்கரியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தப்பிய கொத்துகளும் பெரிய துகளில் மோதி மறைந்துவிடும்.

பழைய துகள்களை மழை கழுவிவிட்ட மறுநாளின் தரவை மட்டும் எடுத்து, நேரத்துக்கு எதிராகத் துகள் அளவை வரைந்து பாருங்கள். பின்லாந்தின் ஹூட்டியாலா காட்டில் அடிக்கடி பதிவாகும் அழகான வாழைப்பழ வளைவு வரவேண்டும்: அடியில் தொடங்கி, மணிக்குச் சில நானோமீட்டராக மேலேறும். திடீரென 20 நானோமீட்டரில் தோன்றி உடனே மறைந்தால் அது வண்டிப்புகையாக இருக்கலாம்.

ஆனால் பெய்ஜிங்கில் அத்தனை மாசிலும் புதுத் துகள்கள் பிறக்கின்றன, அமீன்கள் கொத்துகளைக் கலையாமல் பிடித்துக்கொள்வதால். அதனால் பழைய துகள்கள் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாமல், உங்கள் கருவி உண்மையிலேயே 3 நானோமீட்டர் வரையிலான சிறு துகள்களை எண்ணுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.