மாரடோனாவைத் தாண்டிய ஸ்லோவாக்கியர்

கே: இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கால்பந்து கிளப்பான நாப்போலியில் மாரடோனாவின் கோல் சாதனையை முறியடித்தவர் ஒரு ஸ்லோவாக்கியராமே? யார் அவர்?

ப: மாரெக் ஹம்ஷிக். பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவில் 1987இல் பிறந்த நடுக்கள ஆட்டக்காரர். 2007இல் பிரெஷா கிளப்பிலிருந்து 55 லட்சம் யூரோவுக்கு நாப்போலி அவரை வாங்கியபோது இருபது வயதுகூட நிறையவில்லை. கிளப்பும் திவாலாகி, கீழ்ப் பிரிவுகளில் உருண்டு, அப்போதுதான் முதல் பிரிவுக்குத் திரும்பியிருந்தது. 2012இல் இத்தாலியக் கோப்பை இறுதியாட்டத்தில் பரம எதிரியான யுவென்டஸ் கிளப்புக்கு எதிராக ஒரு கோல் போட்டார். கோப்பை கைக்கு வந்ததும், நேர்த்திக்கடன் செலுத்துவதுபோல, தமது புகழ்பெற்ற சேவல்கொண்டை முடியை மழித்துவிட்டார்!

2017 டிசம்பர் 16இல் டொரினோவுக்கு எதிராக அவருடைய 115ஆவது கோல்; மாரடோனாவுக்குச் சமம். ஒரே வாரத்தில், சாம்ப்டோரியாவுக்கு எதிராக 116. மாரடோனாவுக்கு 115 கோல்களுக்கு 259 ஆட்டங்களே போதுமாயிருந்தன, ஹம்ஷிக்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்பட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும். ஒரே கிளப்புக்கு 520 ஆட்டங்கள் ஆடக் கால்கள் மட்டும் போதாது. அந்தச் சாதனையை 2020இல் பெல்ஜியத்தின் மெர்டென்ஸ் தாண்டினார் என்பது வேறு விஷயம்.

கே: இவ்வளவு ஆடியும் இத்தாலிய லீக் பட்டம் கிடைக்கவில்லையே. யுவென்டஸுக்குப் போயிருக்கலாம் அல்லவா?

ப: போயிருந்தால் பட்டங்களை அடுக்கியிருப்பார், நேப்பிள்ஸ்காரர்கள் அவர் பெயரைச் சொல்லவே கூசியிருப்பார்கள். 2017-18 பருவத்தில் நாப்போலி 91 புள்ளிகள் எடுத்தது. யுவென்டஸ் 95! அந்த நான்கு புள்ளிகளை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. 2019இல் சீனாவின் டாலியன் கிளப்புக்குப் போனார்; பணத்துக்காகத்தான், வேறென்ன? பிறகு துருக்கியில் டிராப்ஸான்ஸ்போர் 38 ஆண்டுகள் காத்திருந்த லீக் பட்டத்தை 2022இல் வென்றபோது, அணியில் 34 வயது ஹம்ஷிக் இருந்தார். 2023இல் நாப்போலியும் பட்டம் வென்றது. அப்போது அதன் நடுக்களத்தைத் தாங்கியவர் இன்னொரு ஸ்லோவாக்கியர், லோபோட்கா. ஹம்ஷிக் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

கே: நாட்டுக்காக ஆடியதில் எதைப் பார்க்கலாம்?

ப: 138 ஆட்டங்கள், 26 கோல்கள். 2010 உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியன் இத்தாலியை 3-2 என வீட்டுக்கு அனுப்பிய ஸ்லோவாக்கியாவுக்கு 22 வயதில் அவரே கேப்டன். ஆனால் ஒன்றே ஒன்று என்றால், 2016 ஐரோப்பியக் கோப்பையில் லீல் நகரில் ரஷ்யாவுடன் நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முதலில் ஹம்ஷிக் தொலைவிலிருந்து தூக்கிப்போட்ட பந்தில் சக வீரர் வைஸுக்கு ஒரு கோல். இடைவேளைக்குச் சற்று முன் இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வந்து வலக்காலால் ஓர் அடி. பந்து எதிர்க்கம்பத்தில் பட்டு உள்ளே போகும்.