எங்கள் தெருவில் விடுதி வரலாமா?

கேள்வி: எங்கள் தெருவிலுள்ள பழைய கட்டடத்தை வீடற்றோர் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். பெண் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இது கூடாது என்று மனு எழுதுகிறார்கள். நானும் கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. கீழமாசி வீதியில் கடைகள் அடைத்தபின் சாக்கை விரித்து, களவு போய்விடுமே என்று செருப்பைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுக்கும் முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இனிமேல் வந்து இறங்கப் போகிறவர்கள் அல்லர், இப்போதும் நம் நடுவில் உறங்குகிறவர்களே. லட்சம் பேருக்கு ஒரு விடுதியாவது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்ட மதுரைக்குப் பத்து விடுதிகளாவது வேண்டும், அவை ஏதேனும் ஒரு தெருவில்தானே அமைய முடியும்? உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. மனுவைத்தான் மாற்றி எழுதச் சொல்கிறேன்: இரவுக் காவலர் உண்டா, ஆளுக்கு 50 சதுர அடி இடம் இருக்கிறதா, கழிப்பறை போதுமா, தெருவிளக்கு எரிகிறதா என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். பழைய வேட்டி, போர்வை கொடுப்பதாயிருந்தால் (பலரும் மறப்பது இதைத்தான்) துவைத்துக் கொடுங்கள்.